நேவி ஜாக்கெட்டால் போன என் அம்மாவின் புடவை: த்ரிஃப்ட் பேஜில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அம்மாவின் பழைய செட்டிநாட்டு காட்டன் புடவை ஒன்று என்னிடம் இருந்தது. சந்தன நிறம், அரக்குக் கரை. முப்பது வருஷம் துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. முந்தானை கிழிந்ததும், நல்லதாக இருந்த பாகத்தை எடுத்து நீளமாக ஒரு குர்தா தைத்துக்கொண்டேன். போன டிசம்பரில் மயிலாப்பூரில் ஒரு சாயங்காலத் தூறலில் அதன் இரண்டு தோளிலும் கழுத்தோரத்திலும் நீலம் இறங்கிவிட்டது. மேலே போட்டிருந்த ஜாக்கெட்டின் சாயம். மூன்று சலவைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. அந்த ஜாக்கெட்டை என் தலையில் கட்டிய விதத்தை எழுதுகிறேன். நேவி என்கிற கருநீலத்தில் பழைய உடுப்பு தேடுகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்.

நேவி எனக்கு ரொம்பப் பிடித்த நிறம். கறுப்பின் விறைப்பு அதில் கிடையாது. வெளுத்த காக்கி பேன்ட், தேய்ந்த தோல் செருப்பு, அப்பாவின் எச்எம்டி வாட்ச், வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடித் துப்பட்டா என்று பழசு எதை எடுத்து வைத்தாலும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ‘ப்ளூ த த்ரவாய்’ என்கிற பிரெஞ்சுத் தொழிலாளர் ஜாக்கெட் மேல் எனக்குப் பல வருஷ ஆசை. வெளியே தைத்த மூன்று பை, கெட்டிப் பருத்தி, உள்லைனிங் இல்லாத எளிய வெட்டு. நியூயார்க் வீதிகளில் சைக்கிளில் சுற்றிப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

இன்ஸ்டாகிராமில் பழைய உடுப்பு விற்கும் ஒரு த்ரிஃப்ட் பேஜ். இரவு எட்டு மணிக்கு ‘ட்ராப்’, அதாவது சரக்கை விற்பனைக்குப் போடுகிற நேரம். முதலில் ‘புக்’ என்று கமென்ட் போடுகிறவருக்குப் பொருள், பத்து நிமிஷத்துக்குள் பணம் போட வேண்டும். ‘1960களின் ஒரிஜினல் பிரெஞ்சு ஒர்க்வேர், நேவி’ என்று போட்டிருந்தார்கள். ₹2,800, கூரியர் ₹120. ஒரு தனிநபரின் ஜிபே நம்பருக்கு அனுப்பினேன். மஞ்சள் விளக்கில் எடுத்த இரண்டே படங்கள்தான் இருந்தன. உள்பக்கம் காட்டுங்கள் என்று கேட்க அந்தப் பத்து நிமிஷம் இடம் கொடுக்கவில்லை. அந்த அவசரம் தற்செயலானது என்று இப்போது நான் நம்பவில்லை.

குர்தா பாழான ராத்திரிதான் ஜாக்கெட்டை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தேன். துணி முழுக்கக் கருநீலம், பொத்தான் துளைகளின் நூல் மட்டும் வெளிர் சாம்பல். பருத்திக்குப் போடும் சாயம் பாலியெஸ்டர் நூலில் ஏறாது. தைத்து முடித்த, வேறு ஏதோ வெளிர் நிறத்து ஜாக்கெட்டை அப்படியே சாயத்தில் முக்கியிருக்கிறார்கள். பையின் உள்பக்கம் திட்டுத் திட்டாக நீலம். வெளிச்சத்தில் பிடித்தால் முதுகில் பழைய எண்ணெய்க்கறை ஒன்று தெரிந்தது. கறையை மறைக்கத்தான் நேவி. இருட்டு நிறத்துக்குள் எதையும் ஒளித்துவிடலாம். படத்தில் அது கறுப்பா நீலமா என்றுகூடத் தெரியாது. சாயமாவது ஒழுங்காக ஏற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. பருத்தியில் பிடிக்க உப்பும் சலவைச் சோடாவும் போட்டு, மிச்சச் சாயம் போகிறவரை அலச வேண்டும். அதைச் செய்திருந்தால் அம்மாவின் புடவை பிழைத்திருக்கும்.

பக்கவாட்டுத் தையலில் பாதி கத்தரித்த லேபிள் ஒன்று இருந்தது. மிச்சம் இருந்த எழுத்துகள் ‘லாதேஷ்’. வங்கதேசம் என்ற நாடு பிறந்ததே 1971-ல். 1960களின் பிரெஞ்சு ஜாக்கெட்டில் அந்தப் பெயர் எப்படி வந்தது?

படங்களோடு பேஜ்காரர்களிடம் கேட்டேன். “சிஸ், வின்டேஜ் பீஸ்ல இதெல்லாம் சகஜம். நோ ரிட்டர்ன்னு பயோலயே போட்டிருக்கோமே” என்றார்கள். பயோ என்பது பேஜின் மேலே இருக்கும் அறிமுகக் குறிப்பு. லேபிளைக் காட்டியதும் பிளாக் செய்துவிட்டார்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று பயோவில் எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு போய்விடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஆனால் விற்றவரின் பெயர், முகவரி என்று கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஜிபேயில் வந்த ஒரு பெயர் மட்டும்தான். பேஜின் பெயரை இங்கே எழுதியும் பயனில்லை, அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள். பல கணக்குகளில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற இடத்தைத் தட்டினால் எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்று தெரியும். பணம் போடுவதற்கு முன்பே அதைப் பாருங்கள். விளம்பரத்தையும் பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் ஆன பிறகு எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

நேவியில் கேட்டே ஆக வேண்டிய படம், காலரைத் தூக்கிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. உண்மையாகவே உழைத்த உடுப்பு என்றால் காலர் மடிப்பும் முழங்கையும் பை விளிம்பும் வெளுத்திருக்கும், வெயில் படாத காலரின் அடிப்பக்கம் கருத்தே இருக்கும். எல்லா இடமும் ஒரே நிறம் என்றால் அது புதுசாக இருக்க வேண்டும், அல்லது சாயத்தில் முங்கியதாக இருக்க வேண்டும். நேரில் வாங்கினால் ஈர வெள்ளைக் கைக்குட்டையை உள்தையலில் தேய்த்துப் பாருங்கள். பழைய எச்எம்டி வாட்சிலும் இதே வேலை நடக்கிறது, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து ஒரிஜினல் என்பார்கள். அது குறைந்தபட்சம் பக்கத்துத் துணியைக் கெடுக்காது.

நேவி உடுத்துவதை நான் விடவில்லை. போன மாதம் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சச் சரக்கில் ஒரு சட்டை கிடைத்தது. கடை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய் உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தேன். “நல்லாப் பாருங்கக்கா” என்று கடைத் தம்பி காத்துக்கொண்டு நின்றான். குர்தாவைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். பருத்தியில் இறங்கிய நீலத்தை எடுக்க வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ப்ளீச் வேண்டாம், கரையின் அரக்கும் சேர்ந்து போய்விடும்.