ஐந்தரை அடி அகலச் சமையலறையில் ஆறு ஆண்டுகள்

சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியைத் தச்சர் சென்ற வாரம் கழற்றி எடுத்தார். ஆறு ஆண்டுகளில் இது இரண்டாவது முறை. அதே நாளில், தாம்பரத்தில் வீடு வாங்கியிருக்கும் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, எங்கள் சமையலறையும் ஐந்தரை அடி அகலம்தான். உன் வீட்டில் இருப்பதுபோலவே செய்துவிடட்டுமா?” எனக்கு உடனே பதில் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 66 அங்குல அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் மிஞ்சுவது 18 அங்குலம். குனிந்து ஒரு பாத்திரத்தை எடுக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் மட்டும் 24 அங்குல மேடை போட்டு, எதிர்ச்சுவரில் ஓரடி ஆழத்துக்குத் திறந்த அலமாரி வைத்தோம். நடக்க 30 அங்குலம் கிடைத்தது. அந்த ஓரடி அலமாரியை நான் இவ்வளவு நேசிப்பேன் என்று நினைக்கவே இல்லை. ஒரு தட்டில் ஒரே வரிசை டப்பாக்கள்தான் நிற்கும். ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிய இடமில்லை. பழைய வீட்டில், ஆழமான அலமாரியின் மூலையில் மறந்துபோய் வண்டு பிடித்த உளுந்தை எத்தனை முறை கொட்டியிருக்கிறேன்! இங்கே ஒரு முறைகூடக் கொட்டியதில்லை. கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிக் கை நீட்டினால் பெருங்காயம் வந்துவிடும்.

இனி சிங்க்குக்குக் கீழே இருந்த அந்த அலமாரியின் கதவு.

இரண்டாவது மழைக்காலத்திலேயே அது சரியாக மூடவில்லை. கீல் தளர்ந்துவிட்டது என்று நினைத்து முறுக்கினோம். பிறகு மேல்விளிம்பில் ஒட்டியிருந்த பட்டை பிரிந்தது. லேமினேட் அப்பளம்போல உப்பியது. உள்ளே கீழ்ப்பலகையை அமுக்கினால் டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல விரல் இறங்கியது. மரத்தூளையும் சீவல்களையும் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு அது. “உள்ளேதானே, தண்ணீர் படாது” என்றார்கள் செய்து கொடுத்தவர்கள். அரிசி களைகிறோம், கிரைண்டர் கல்லைக் கழுவுகிறோம், இட்லித் தட்டை அலசி மேடை ஓரத்தில் சாய்த்து வைக்கிறோம். இந்தச் சமையலறையில் தண்ணீர் படாத இடம் எது?

ஒரு நாள் தரையில் உட்கார்ந்தே பார்த்தேன். சிங்க் ஓரத்தில் வழிந்த தண்ணீர் கிரானைட் விளிம்பில் இறங்கி, கீழே சொட்டாமல் கல்லின் அடிப்பக்கமாக உள்ளே ஓடி, நேராகக் கதவின் தலையில் விழுந்தது. சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு காடி, அதாவது நீளமான சிறு பள்ளம், விடுவாரே, அதுபோலக் கல்லின் அடியில் ஒன்று வெட்டியிருந்தால் தண்ணீர் வெளியிலேயே சொட்டியிருக்கும். அரை மணி நேர வேலை. யாருக்கும் தோன்றவில்லை.

நியாயமாகச் சொன்னால், குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டது நாங்கள்தான். தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710. அந்த முத்திரையுள்ள பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். அது விலை அதிகம். ஆனால் கதவு கெட்ட பிறகும் அதே பலகையில் இன்னொரு கதவைக் கொண்டுவந்து மாட்டினார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

குறுகிய சமையலறைக்கென்றே திட்டமிட்ட முன்னோடி, 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காகக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தது. அகலம் சுமார் 1.9 மீட்டர். அதில் மாவுப் பெட்டிக்கு, புழு வராமல் இருக்க ஓக் மரத்தைத் தேர்ந்தெடுத்தார். எந்த இடத்தில் எது இருக்கும், அதற்கு எந்தப் பொருள் தாங்கும் என்ற அந்த யோசனையை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் நமக்கு விற்கிறார்கள்.

இப்போது தச்சர் 710 பிளைவுட்டில் புதுக்கதவு போட்டிருக்கிறார். நன்றாக மூடுகிறது. இருந்தும் தங்கையிடம், வேண்டாம் என்றுதான் சொன்னேன். அம்மா வீட்டில் மேடைக்குக் கீழே கொத்தனார் பதித்த கடப்பாக்கல் தட்டுகள் இருக்கின்றன. கதவு கிடையாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தினமும் நனைகின்றன. ஒரு மூலைகூட உப்பவில்லை. “எதிர்ச்சுவர் அலமாரியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள். கீழே கல்லைப் போடு, காடி வெட்டச் சொல், வெட்டும்போது பக்கத்திலேயே நில்” என்றேன்.