ஒப்பந்ததாரர் கட்டும் வீடா, ஊர்க் கொத்தனார் கட்டும் வீடா?

1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின் மகாராஷ்டிரத்தில், அதிகம் அழிந்த ஊர்களை வேறிடத்துக்கு மாற்றி, ஒப்பந்ததாரர்களை வைத்து வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். இதில் மேற்பார்வை எளிது. ஆனால் கட்டியவர்கள் கிளம்பியதும் தொழில்நுட்பமும் கூடவே கிளம்பிவிடும். பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டும்போது பழைய பாணிதான்.

2015 நிலநடுக்கத்துக்குப் பின் நேபாளம் வேறு வழியில் போனது. வீட்டுக்காரருக்கே 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணைகளில். வேலையைப் பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை. கூடவே ஊர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி. கற்சுவரின் இரு முகங்களையும் பிணைக்கக் குறுக்கே நீளக்கல் வைப்பது, ஜன்னலுக்கு மேல் வீட்டைச் சுற்றிலும் அறுபடாமல் கான்கிரீட் பட்டை ஓட்டுவது, தூண் கம்பிகளைச் சுற்றும் வளையத்தின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்குவது எல்லாம் கையில் படிய வேண்டிய வேலை. 90 டிகிரியோடு விட்டால் பலத்த குலுக்கலில் வளையம் பிரிந்துவிடும், தூண் நொறுங்கும்.

பணம் போதாமல் அங்கே பலர் கடன்பட்டு ஓரறை வீட்டோடு நின்றது உண்மை. துணையில்லாத முதியவர்களுக்கு யாராவது கட்டித்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு, மானியத்தைக் கூட்டிக் கொடுத்து, கொத்தனார் பயிற்சியையே நான் தேர்வேன்.