டிம்பர்லி எர்லி ரூபார்ப் கிழங்கு: புது அலாட்மென்ட்டுக்கு ஏற்றதா?

இங்கிலாந்தில் புதிதாக அலாட்மென்ட் (காய்கறி வளர்க்க வாடகைக்குக் கிடைக்கும் சிறு நிலம்) எடுத்தவர்களுக்கு, புளிப்பான தண்டுக்காக வளர்க்கப்படும் ரூபார்ப் செடியின் இந்த ரகத்தைத் தயங்காமல் சொல்வேன். விக்டோரியா என்ற இன்னொரு ரகத்தைவிடச் சீக்கிரமே தண்டு தரும். விதை வேண்டாம், நவம்பர் முதல் மார்ச்சுக்குள் வேர்க்கிழங்காக வாங்குங்கள். தடித்த இளஞ்சிவப்பு மொட்டு ஒன்றாவது இருக்க வேண்டும். அமுக்கிப் பார்த்துக் கொழகொழவென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் செடி என்பதால், களைகளை வேரோடு தோண்டி எடுத்த பிறகே நட வேண்டும். மக்கிய தொழுவுரம் கலந்து, 90 செ.மீ. இடைவெளி விட்டு, மொட்டின் நுனி மண் மட்டத்தில் தெரியும்படி நடுங்கள். நீர் தேங்கும் களிமண்ணில் இன்னும் சற்று மேலே. ஆழமாகப் புதைத்தாலோ மொட்டின் மேல் உரத்தைக் குவித்தாலோ கிழங்கு அழுகிவிடும். முதல் ஆண்டு ஒரு தண்டைக்கூடப் பறிக்காதீர்கள், வேர் பலப்படட்டும். பூத்தண்டு வந்தால் உடனே அடியோடு வெட்டுங்கள். இலை நஞ்சு, தண்டு மட்டுமே சமையலுக்கு.