420 டாலர் போச்சு: டெஹ்ரானில் தார் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

இன்னிக்குக் காலையில்தான் தஞ்சாவூரில் வீணை ரிப்பேர் பண்றவர் உண்மையைச் சொன்னார். வயிறு எரியுது.

தார்னா ரோடு போடுறது இல்லை, ஈரான் நாட்டுத் தந்தி வாத்தியம். பாரசீகத்தில் தந்தின்னு அர்த்தம். 8 போட்ட மாதிரி ரெட்டைக் குடம், மேலே ஆட்டுக்குட்டித் தோல், ஆறு கம்பி, வீணையில் இருக்கிற உலோக மெட்டுக்குப் பதில் கழுத்தில் சுத்திக் கட்டின நரம்பு. குடத்தை முசுக்கட்டை மரத்தில் ரெண்டு பாதியாக் குடைஞ்சு நடுவில் ஒட்டுவாங்க. மரம் வருஷக்கணக்கில் காயணும். ஏமாந்தது அங்கேதான்.

பகாரிஸ்தான் சதுக்கம் பக்கம் வாத்தியக் கடைகளா இருக்கும். அதில் ஒண்ணு. பெரியவர் டீ கொடுத்தார், சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார். தாரை நெஞ்சோடு அணைச்சு வாசிச்சார். நான் காலி. "இருபது வருஷம் காய்ஞ்ச மரம், யஹ்யா அளவு"ன்னார். யஹ்யா, ஈரானைக் கஜார் மன்னர்கள் ஆண்ட காலக் கடைசியில் தார் செஞ்சு பேர்பெற்ற ஆர்மீனியக் கைவினைஞர். அவர் அளவை யார் வேணா காப்பி அடிக்கலாம், அது அப்போ உறைக்கல. விலை கேட்டா "காபெலி நதாரே", உங்களுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்லையாம். அங்கே டாக்ஸிக்காரர்கூடச் சொல்ற உபசார வார்த்தை. தெரிஞ்சும் உருகிட்டேன். நம்ம கார்டு அங்கே செல்லாது, 420 டாலரும் ரொக்கம். அந்த நம்பரைப் பார்த்தாவது சுதாரிச்சிருக்கணும்!

ஊர் வந்த மூணாவது வாரம் குடத்தின் முதுகில் கீறல். போட்டோ அனுப்பினேன். "உங்க ஊர் ஈரம், தோல் தளரும்." நான் கேட்டது மரத்தை ஐயா! அப்புறம் அவர் பையன், "ஃபர்தா". நாளைக்காம். எட்டு ஃபர்தா ஆச்சு. இப்போ நீல டிக் மட்டும்.

வீணைக்காரர் வார்னிஷைச் சுரண்டினார். உள்ளே பட்டி. விரிசலை அடைச்சு மேலே கலர் ஏத்தியிருக்காங்க. "பச்சை மரம் தம்பி, இன்னும் விரியும்."

பில்லைப் படிக்கத் தெரிஞ்சவரிடம் காட்டினேன். "தார் ஒன்று, 420 டாலர்." மரத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.

விவரமா பத்து பாயிண்ட் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. குடத்தின் முதுகில் ஒட்டின இடத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. எந்த மரம், எப்போ செஞ்சதுன்னு பில்லில் எழுதி வாங்குங்க. வாசிக்கத் தெரிஞ்ச உள்ளூர் ஆள் இல்லாமப் போகாதீங்க. டீயைக் குடிச்சிட்டு எழுந்து வந்திடுங்க.

420 டாலர். 35,000 ரூபாய்க்கு மேல. வீணைக்காரர் பார்த்ததுக்குக் கூலி வேண்டாம்னுட்டார், அது வேற வலிக்குது.