இடது கையில் ஊசி, வலது கையில் ரத்தம்: என் ஜிஎஃப்ஆர் டெஸ்ட்

தம்பிக்கு என் கிட்னி ஒன்றைக் கொடுப்பது என்று வீட்டில் முடிவானது. எனக்கு 49 வயது, எடை 43 கிலோ. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 0.6தான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், 110. ஆனால் டாக்டர், "ரொம்ப ஒல்லியா இருக்கீங்கம்மா, இந்த நம்பரை அப்படியே எடுத்துக்க முடியாது" என்றார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடம்பில் கிட்னியை உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடுமாம். அதனால் டிடிபிஏ என்ற மருந்தை ஊசியில் ஏற்றி, பிறகு ரத்தம் எடுத்து நேரடியாக அளக்கும் டெஸ்டை எழுதிக் கொடுத்தார்.

முதலில் போன சென்டரில் ஊசி போட்ட இடம் புடைத்துக்கொண்டு எரிந்தது. சொன்னேன். "சரியாயிடும்" என்றார்கள். ரத்தமும் அதே கையிலேயே எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டை டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டால் உள்ளே எவ்வளவு போனது என்பதே தெரியாது, அப்புறம் கணக்கு எப்படி நிற்கும்?

இரண்டாவது முறை கோவையில் ஒரு மருத்துவமனையின் நியூக்ளியர் மெடிசின் பிரிவு. உயரமும் எடையும் அங்கேயே பார்த்தார்கள். டெக்னீஷியன் தம்பி முதலில் வெறும் சலைனை ஏற்றி நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். மருந்து இருந்த சிரிஞ்சை ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்தார். இடது கையில் ஊசி, 8.52 என்று நேரம் எழுதினார். ரத்தம் வலது கையில் 10.52, 11.52, 12.52-க்கு. கடைசி முறை நான் பாத்ரூமில் இருந்தேன். ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதற்கு, "பரவால்லக்கா, எடுத்த நேரத்தைச் சரியா எழுதினா போதும்" என்று 12.56 எனக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் ஒட்டிய டிடிபிஏவைக் கிட்னிதான் வடிகட்டி வெளியேற்றும். ரத்தத்தில் அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காமா கவுண்டர் என்ற கதிர்வீச்சை எண்ணும் கருவியில் பார்க்கிறார்கள். கிட்னியின் வேலை அதில் தெரிந்துவிடும். ஊசி போட்ட இடத்தையும் கேமராவில் காட்டினார்கள், கசிவு இல்லை.

கதிர்வீச்சு என்றதும் பயந்தேன். வீட்டில் எட்டு மாதப் பேரன் இருக்கிறான். அவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள்: டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அன்று ஒருநாள் குழந்தையை ரொம்ப நேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். அன்று ராத்திரி அவனைத் தூக்காமல் இருந்தது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

குறையும் உண்டு. காத்திருக்கும் அறையில் ஏசி குளிர் தாங்கவில்லை, போர்வை கொண்டு போங்கள். இவ்வளவு தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு நோயாளிகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை வைத்திருப்பது சரியில்லை. நாலு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதையும் புக் பண்ணும்போதே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. உடல் பரப்பு 1.73 சதுர மீட்டருக்குச் சரிசெய்து ஜிஎஃப்ஆர் 91. கேமராவில் பார்த்தபடி அந்த வேலையில் இடது கிட்னியின் பங்கு 51 சதவீதம், வலது 49. 110 இல்லை, ஆனால் இது என் கிட்னியின் நிஜமான எண். டாக்டர் இதை ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரம் கிட்னியின் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன்.