பிராக்கில் ஒரே ஒரு மாலை: ஃப்ளெகூவா, தங்கப் புலியா?

பிராக் போகிற நண்பர்கள் தவறாமல் கேட்பது: "ஒரு சாயங்காலம்தான் இருக்கு, எந்த பீர் கூடத்துக்குப் போகலாம்?" யாரிடம் விசாரித்தாலும் முதலில் வருவது இரண்டு பெயர்கள். புது நகரில் 'உ ஃப்ளெகூ', பழைய நகரில் 'உ ஸ்லாதேஹோ திக்ரா', அதாவது தங்கப் புலி. இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி இடம் என்று நினைத்துப் போனால் ஒன்று நிச்சயம் ஏமாற்றும்.

ஃப்ளெகூவில் 1499இலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். (புது நகர் என்பதால் அந்தப் பகுதி புதிது என்று எண்ண வேண்டாம், நான்காம் சார்லஸ் அதை நிறுவியது 1348இல்.) அடுத்தடுத்துப் பல கூடங்கள், நடுவே மரங்கள் நிற்கும் முற்றம். ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இந்த வீட்டின் பெருமை 13 டிகிரி கறுப்பு லாகர் பீர். 0.4 லிட்டர் கண்ணாடிக் குவளையில் வரும். வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மணம், முடிவில் லேசான கசப்பு. கறுப்பாக இருப்பதால் கனமாக இருக்கும் என்று பயந்தேன், அப்படி இல்லை. இதைக் குடிக்க வேண்டுமானால் காய்ச்சிய இடத்துக்கே போவதுதான் சரி. ஃப்ளெகூவுக்கு ஆதரவாக நான் சொல்லும் வலுவான வாதமும் இதுதான்.

டிகிரி என்றதும் போதையின் அளவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நொதிக்கும் முன் மால்ட் சாற்றில் எவ்வளவு சர்க்கரைச் சத்து கரைந்திருக்கிறது என்பதன் அளவு அது. பில்ஸ்னர் உர்குவெல் என்ற 12 டிகிரி செக் பீரில் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான்.

அந்த உர்குவெல்லுக்காகத்தான் தங்கப் புலிக்குப் போவது. ஹுசோவா தெருவில், சார்லஸ் பாலத்திலிருந்து சில நிமிட நடை. மாலை 3 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கும். உள்ளே சின்னக் கூடம்தான். பெரும்பாலான மேசைகள் தினமும் வருகிறவர்களுக்கு. எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் அப்படி வந்துகொண்டிருந்தவர். 1994 ஜனவரியில் பிராக் வந்த அமெரிக்க அதிபர் கிளிண்டனை, அப்போதைய செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் கூட்டிக்கொண்டு வந்ததும் இங்கேதான். ஹ்ரபாலும் உடன் இருந்தார். வெளிநாட்டு விருந்தாளிக்கு ஊரைக் காட்ட ஒரு நாட்டின் அதிபர் அரண்மனையை விட்டு இறங்கி இந்த மரப் பெஞ்சுக்கு வந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இங்கே பீர் ஊற்றுகிறவரின் கையை நின்று பாருங்கள். ஈரமான, பால் போன்ற அடர்ந்த நுரை மூன்று விரல் உயரத்துக்குத் தங்கியிருக்கும். ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். பீரைக் காற்றுப் படாமல் காப்பது அந்த நுரைதான். மேசையில் நீளமான காகிதத் துண்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அதில் ஒரு கோடு. கேட்காமலேயே அடுத்தது வந்து நிற்கும், கோடும் விழும். இந்தக் காகிதத்தைக் கசக்கவோ தொலைக்கவோ கூடாது. உங்கள் கணக்கே அதுதான்.

குடும்பத்தோடும் பெரிய குழுவோடும் போகிறவர்களுக்கு யோசிக்காமல் ஃப்ளெகூ. இடம் கிடைக்கும், அக்கார்டியன் வாசிப்பார்கள், வாத்துக் கறியும் க்னெட்லீக்கி என்கிற வேகவைத்த மாவுருண்டையும் வயிறார உண்ணலாம். தட்டில் சின்னக் கண்ணாடிகளில் பெகெரோவ்கா என்ற மூலிகை மது சுற்றி வரும்; அது இலவசம் இல்லை, வேண்டாமென்றால் "நே, தியெகுயி" (வேண்டாம், நன்றி) போதும். சைவக்காரர்கள் எந்தக் கூடத்திலும் முதலில் ரொட்டித்தூளில் பொரித்த பாலாடைக்கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தனியாகவோ இருவராகவோ போனால் புலிதான் என் தேர்வு. பக்கத்து இருக்கையைக் காட்டி "யே து வோல்னோ?" (இங்கே காலியா?) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அங்கே பீரைவிட முக்கியம் பக்கத்தில் இருப்பவரின் பேச்சு. ஃப்ளெகூவில் என் மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் போல ஊர் பார்க்க வந்தவர்கள். புலியில் பக்கத்தில் இருந்த பெரியவர் முப்பது வருடமாக அதே மூலையில் உட்காருகிறாராம்.

புலியில் இடமே கிடைக்கவில்லையா? கோட்டையைத் தாண்டி மேலே ஏறுங்கள். லொரேத்தா தேவாலயத்துக்கு எதிரே 'உ செர்னேஹோ வோலா', கறுப்பு எருது. நீள மேசைகள், கோசெல் பீர், சுவரில் தீட்டிய குலச் சின்னங்கள். மணிக்கொரு முறை தேவாலயத்தின் 27 மணிகள் இசைப்பது வெளியிலிருந்து கேட்கும்.

எங்கே போனாலும், போதும் என்று தோன்றும்போது வாயால் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் மூடிவிடுங்கள். பரிமாறுபவர் ஒரு பார்வை பார்ப்பார், காகிதத்தில் உள்ள கோடுகளை எண்ணத் தொடங்குவார்.