டோபி கடை மெஷின் காலியா? மூன்று மாதிரிகளை வைத்துப் பார்த்ததில்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் மழைக்காலம் வந்தால் கீழே இருக்கும் சுயசேவை டோபிதான் (காசு போட்டு நாமே துணி துவைக்கும் கடை) கதி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வரும் பெண்கள், தூக்கக் கலக்கத்தோடு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப ஏறுவார்கள். காலியானதும் போனுக்குத் தகவல் போனால் எவ்வளவு நல்லது என்றுதான் நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். பயன்படுத்துகிறவரை மையமாக வைத்து யோசிக்கும் டிசைன் திங்கிங் முறை சொல்வதுபோல், சோதனை மாதிரியை (புரோட்டோடைப்) மலிவாகச் செய்து, சீக்கிரமே ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்பது என்று திட்டம்.

முதலில் அதிர்வு சென்சார். வைஃபை உள்ள ஒரு சின்ன இஎஸ்பி32 போர்டு, அதிர்வை உணரும் ஒரு எஸ்டபிள்யூ-420 சென்சார். மெஷின் முதுகில் டேப் போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. மின்சாரத்தைத் தொடவே வேண்டாம் என்பதால் கடைக்காரர் உடனே சரி என்றார். ஆனால் துணி ஊறும்போது டிரம் அசையாது. உடனே ‘காலி’ என்று செய்தி போய்விடும். பக்கத்து மெஷின் பிழியும்போது சும்மா நிற்கும் மெஷினும் ‘ஓடுகிறது’ என்று காட்டும். ஐந்து நிமிடம் அசைவில்லாவிட்டால்தான் காலி என்று புரோகிராமை மாற்றினோம். முதல் கோளாறு குறைந்தது, இரண்டாவது அப்படியே இருந்தது.

இரண்டாவது, மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப். இது அதிர்வு சென்சாரைவிட நம்பகமானது. வயரை வெட்டாமல் கவ்விக்கொள்ளும். பக்கத்து மெஷின் ஆடினாலும் ஏமாறாது. ஆனால் முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரே ஒரு வயரைப் பிரித்துக் கவ்வ வேண்டும். 240 வோல்ட்டில் அது வயர்மேன் வேலை, நாம் கை வைக்கக் கூடாது. கடையில் நிலையாக மாட்டுவதற்கு இதுதான் சரி. முதல் வார மாதிரிக்கு இது வேண்டாம்.



மூன்றாவது மாதிரியில் சென்சாரே கிடையாது. எங்களில் ஒருவர் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த மெஷின் நின்றது என்று வாட்ஸ்அப் குழுவில் தட்டிக்கொண்டிருந்தார். செலவு ஒரு தேத்தாரேக் (இழுத்து ஆற்றிய பால் டீ). எனக்கு இந்த மூன்றில் இதுதான் முதலிடம். இரண்டாம் நாளே ஒரு அக்கா வந்து கேட்டார்: “மெஷின் நின்னுருச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. வந்து பார்த்தா உள்ள யாரோட துணியோ கெடக்கு. அத நான் எப்படிம்மா எடுத்து வெளிய போடுறது?”

நாங்கள் மெஷினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தெரிய வேண்டியது உள்ளே கிடப்பது யார் துணி என்பது. அந்தக் காலத்தில் வண்ணார்கள் துணி ஓரத்தில் குறி போட்டதே அதற்காகத்தானே. எந்த சென்சாரும் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டிருக்காது.

அப்புறம் மாதிரியே மாறிவிட்டது. துணி போடுகிறவர் மெஷின் எண்ணைக் குழுவில் போட்டுவிடுவார். ஓட்டம் நின்றதும் முதல் செய்தி அவருக்குத்தான் போகும். கதவில் ஒரு சின்ன காந்த ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். ஓட்டம் நின்று, அவர் வந்து கதவைத் திறந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் ‘காலி’ என்று போகும். இப்போது இரண்டு மெஷினில் மாட்டியிருக்கிறோம். அந்த அக்கா மூன்றாவதிலும் எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.